வாய்க்காலுக்குக் கீழண்டை

இன்சீன்
1927 ஜூலை 19, செவ்வாய்

பசுந்தாங் தமிழ்ச் சபைக் காரியதரிசி அவர்களுக்கு,

அண்ணன் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். மூன்று வருஷமாக அந்தச் சொல்லை எழுதாத கை மக்கர் செய்கிறது. அதனால் உங்கள் பதவியை விளித்தே எழுதுகிறேன். சபையைச் சேர்ந்த ஒரு விதவை காரியதரிசிக்கு எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் ராஜரத்தினம் போன புதன்கிழமை சாயங்காலம் இறந்துபோனார். ஒன்பது நாள் காய்ச்சல். ரயில்வே பட்டறையில் பாய்லர்களுக்கு நடுவிலேயே பன்னிரண்டு வருஷம் நின்ற மனுஷர், கடைசியில் ஒரு தம்ளர் கஞ்சியைப் பிடிக்கப் பலமில்லாமல் போய்விட்டார். செய்தி உங்களுக்கு வந்ததா என்று நான் கேட்கப்போவதில்லை.

வியாழக்கிழமை விடியற்காலையில் மாட்டு வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு இங்கிருந்து கிளம்பினோம். கல்லறைத் தோட்டத்து வாசலுக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்பது. காவல்காரர் உதுமான் பாய் அடக்கச் சீட்டை வாங்கிப் பார்த்தார். உங்கள் பதிவேட்டைப் பார்த்து, சபை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்த சீட்டு. பெயர் இருந்தது, வயது இருந்தது, ஞானஸ்நானத் தேதிகூட இருந்தது. ஜாதி என்ற இடத்தில் மட்டும் ஒன்றுமில்லை.

"அம்மா, இதுல மேலண்டையா கீழண்டையான்னு தெரியலியே. எந்தப் பக்கம் குழி வெட்டச் சொல்லட்டும்?" என்று கேட்டார்.

தோட்டத்தை இரண்டாக வகுத்துக்கொண்டு ஒரு வாய்க்கால் ஓடுகிறதே, அதற்கு மேலண்டை மேடு. நம் அம்மா அங்கேதான் இருக்கிறாள். கீழண்டை பள்ளம். கோயிலில் பெஞ்சில் உட்காருகிறவர்களுக்கு மேடு, பின்னால் பாயில் உட்காருகிறவர்களுக்குப் பள்ளம். அம்மாவுக்குப் பூ வைக்க உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வருகிற வயதில், மழைத் தண்ணீர் போகத்தான் அதை வெட்டியிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

மூப்பர் சபாபதி குடையோடு வந்தார். காரியதரிசி எழுதிக் கொடுக்காமல் எந்தப் பக்கமும் மண்ணைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, வந்த குடையோடு போய்விட்டார். ஒன்பது மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் பெட்டி வண்டியிலேயே நனைந்தது. எங்களோடு வந்திருந்த பக்கத்து வீட்டு பர்மாக்காரி மா டின் தன் குடையைப் பெட்டிக்குப் பிடித்துக்கொண்டு, "உங்க சாமி வீட்டுலயும் வாசல் ரெண்டா?" என்று கேட்டாள்.

நாலு மணிக்கு இன்னொரு சீட்டு வந்தது. கீழண்டை.

குழியில் இடுப்பளவு தண்ணீர். பெட்டியை இறக்கினால் மிதக்கிறது. பட்டறை ஆட்கள் இரண்டு பேர் அதன்மேல் ஏறி நின்றார்கள். அவர்கள் நின்றபடியே மற்றவர்கள் மண்ணைத் தள்ளினார்கள். என் கண்ணால் பார்த்தேன்.

எனக்கு இரண்டு காரியம் வேண்டும். அந்தச் சீட்டில் அப்படி எழுதியது யார் என்று தெரிய வேண்டும். மழை நின்றதும் அவரை அந்தத் தண்ணீரிலிருந்து எடுத்து மேட்டில் வைக்க வேண்டும். அவர் ஒருவருக்காக இரக்கப்பட்டு அல்ல. இனி யாருக்கும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இல்லை என்று சபை தீர்மானம் போட்டு வைக்க வேண்டும்.

அன்னப்பாக்கியம் ராஜரத்தினம்


பசுந்தாங்
1927 ஜூலை 24, ஞாயிறு

கர்த்தருக்குள் பிரியமான தங்கை பாக்கியத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் துக்கத்தில் நானும் பங்குபெறுகிறேன். நீ என்னைப் பதவி சொல்லி அழைத்தாலும் நான் உனக்கு அண்ணன்தான்.

பதிவேட்டில் அந்த இடம் காலியாக இருந்ததைப் பற்றி உனக்கு விளக்க வேண்டும். உன் கலியாணத்துக்குப் பிறகு அவருடைய பெயரை இன்சீன் ஜெபக்கூடத்திலிருந்து நம் சபைக்கு மாற்றினபோது, எழுதியவன் நானே. பேனா ஜாதி என்ற பத்தியில் வந்து நின்றது. கிறிஸ்துவுக்குள் வந்தவனுக்கு ஜாதி ஏது என்று எண்ணி வெறுமையாக விட்டேன். இருநூற்றுப் பதினாலு பெயரில் அந்த ஒரு பெயருக்கு நேரேதான் அப்படி விட்டிருக்கிறேன். அதை ஒரு விசுவாச அறிக்கையாகச் செய்தேன். அது வாசலில் இப்படி வந்து முடியும் என்று நான் நினைக்கவில்லை.

இடம் குறித்த விஷயம் சபையின் வழக்கப்படி முடிவானது. மூப்பர் சபாபதி வழக்கத்தை விட்டுக்கொடுக்கிறவர் அல்ல என்பது உனக்கே தெரியும்.

அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் என்றும் நீ அறிய வேண்டும். கியாக்டடாவில் இங்கிலீஷ் சபைப் பாதிரி துரையின் அலுவலக வராந்தாவில், மனுவோடு நின்றுகொண்டிருந்தேன். அவர்களுக்கும் நமக்கும் ஒரே கோயில்தான். காலை ஏழரைக்கு வெள்ளைக்காரர் ஆராதனை, மின்சாரக் காற்றாடிகள் எல்லாம் சுற்றும். அவர்கள் போனதும் சுவிட்சுப் பெட்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவார்கள். மூன்று மணி வெயிலில் நாம் நுழைவோம். முன் ஆறு பெஞ்சில் துரைமார் பெயர் எழுதிய அட்டை இருப்பதால், காலியாகக் கிடந்தாலும் அதில் நாம் உட்காரக்கூடாது. இதையெல்லாம் எழுதி, தேவனுடைய வீட்டில் நிறம் பார்க்கலாமா என்று கேட்டு, அறுபத்திரண்டு பேர் கையெழுத்தோடு கொண்டுபோனேன். வராந்தாவில் நாலு நாற்காலி இருந்தும் என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அன்று முழுவதும் நின்றேன். ஐந்து மணிக்கு ஒரு குமாஸ்தா வந்து மனுவை வாங்கிக்கொண்டு, போகலாம் என்றான்.

இந்த நேரத்தில் நமக்குள் கலகம் வந்தால், உங்கள் வீட்டை முதலில் பெருக்குங்கள் என்று துரை நம்மைப் பார்த்துச் சொல்லமாட்டாரா? ஒவ்வொன்றாகச் செய்வோம். கொஞ்சம் பொறு.

நீ தனியாக அந்த ரயில்வே லைன் வீட்டில் இருக்க வேண்டாம். இங்கே வந்துவிடு. உன் பழைய அறை அப்படியே இருக்கிறது.

உன் அண்ணன்
ஞானசிகாமணி


இன்சீன்
1927 ஆகஸ்ட் 2

அண்ணனுக்கு,

இப்போது அண்ணன் என்று எழுத முடிகிறது. கோபம் வந்தால் உறவு தானாக வந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை கல்லறைக்குப் போயிருந்தேன். உதுமான் பாய் தன் அறைக்குள் கூப்பிட்டு, கம்பியில் குத்தி வைத்திருந்த சீட்டுகளிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். "இத காட்டலாமா கூடாதான்னு ரெண்டு வாரமா ரோசனை பண்ணினேன். நாந்தான் கியாக்டடா வரைக்கும் நனைஞ்சுக்கிட்டுப் போயி எழுதி வாங்கியாந்தேன். உங்க அண்ணன்னு அப்ப எனக்குத் தெரியாது தாயி" என்றார்.

பென்சிலில் எழுதியிருந்தது. ஒரே ஒரு சொல். அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தானே நான் எழுதப் படித்தேன்? சிலேட்டில் நீங்கள் எழுத, அதன்மேலேயே நான் எழுத, என் எழுத்தும் உங்கள் எழுத்தும் ஒன்றாகிவிட்டது என்று அப்பா சிரிப்பாரே. சீட்டைப் பார்த்ததும் ஒரு கணம் நான்தான் எழுதினேனோ என்று திக்கென்றது.

வழக்கப்படி முடிவானதாம். சபாபதி விட்டுக்கொடுக்க மாட்டாராம். அண்ணா, உங்கள் கடிதத்தில் பொய் ஒன்றுமில்லை. எழுதினவன் பெயர்தான் இல்லை.

உங்கள் விசுவாச அறிக்கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெறுமையாக விட்டது கிறிஸ்துவுக்காக என்றால் உங்கள் பெயருக்கு நேரேயும் வெறுமையாக விட்டிருப்பீர்கள். அப்பா பெயருக்கு நேரே, அம்மா பெயருக்கு நேரே விட்டிருப்பீர்கள். அவர் பெயருக்கு மட்டும் விட்டீர்கள். காரியதரிசியின் தங்கை துப்புரவு லைனில் பிறந்தவரைக் கட்டிக்கொண்டாள் என்று பதிவேட்டைப் புரட்டுகிறவன் எவனும் படித்துவிடக்கூடாது, அவ்வளவுதான். அந்த வெட்கத்துக்கு நீங்கள் சாமி பெயர் வைத்தீர்கள். அதற்காக அவர் ஏழு மணி நேரம் மழையில் கிடந்தார்.

அறுபத்திரண்டு கையெழுத்து என்று எழுதியிருந்தீர்கள். பாயில் உட்காருகிறவர்கள் எழுபது பேருக்கு மேல் இருக்கிறார்கள். அதில் ஒருவரிடமாவது கையெழுத்துக் கேட்டீர்களா? அடுத்த வீட்டு ஜெயம்மாவிடம் விசாரித்தேன். "மனுவா? என்ன மனு?" என்றாள். பாயிலிருந்து பார்த்தால் துரைமாரின் ஆறு பெஞ்சும் தெரியும், உங்களுடைய பெஞ்சும் தெரியும். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

உங்களை மட்டும் குற்றம் சொல்லவில்லை. இருபத்தைந்து வயது வரை நானும் அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒருநாளாவது பின்னால் திரும்பிப் பார்த்தேனா? ஒரே கோப்பையை நாமெல்லாரும் குடித்து முடித்த பிறகு அது பின்னால் போகும். யார் கையில் போகிறது, அதில் ஏதாவது மீந்திருக்கிறதா என்று நான் பார்த்ததே இல்லை. அவரைக் கட்டிக்கொண்ட பிறகுதான் முதல்முறையாகக் கோப்பை எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்று தெரிந்தது.

அறை எனக்கு வேண்டாம்.

பாக்கியம்


பசுந்தாங்
1927 ஆகஸ்ட் 8

பாக்கியம்,

நான்தான் எழுதினேன்.

உன் கடிதம் வந்து மூன்று நாள் சட்டைப் பையிலேயே கிடந்தது. வேலையில் இருக்கும்போது அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இனி மறைக்க ஒன்றுமில்லாததால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

உதுமான் பாய் வராந்தாவுக்கு வரும்போது மணி இரண்டு. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, படியிலேயே நின்றுகொண்டு சீட்டை நீட்டினார். சபாபதி என் பக்கத்தில் இருந்தார். வாசலில் உங்களிடம் பேசிவிட்டு நேராக என்னிடம்தான் வந்திருந்தார். அந்த நிமிஷத்தில் நான் மேலண்டை என்று எழுதியிருந்தால் உதுமான் பாய் வாங்கிக்கொண்டு போயிருப்பார். காரியதரிசி எழுத்துக்கு மேல் அங்கே பேச்சில்லை. சபாபதிகூடக் கையைப் பிடித்திருக்க மாட்டார். ஒன்றுதான் சொன்னார்: "ஞானசிகாமணி, மனுவுல அறுபத்திரண்டு பேரு. நீங்க இப்ப எழுதுறதப் பாத்துட்டு நாப்பது பேரு வாபஸ் வாங்கிடுவான்." துரையின் கதவு எந்த நேரமும் திறக்கலாம் என்றிருந்தது. பென்சிலை வாங்கி எழுதிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, துரை கூப்பிட்டால் கசங்கலாக நிற்கக்கூடாதே என்று கோட்டைச் சரிசெய்துகொண்டேன். அதுதான் எனக்கு இப்போது தாங்கமுடியவில்லை.

காலியாக விட்டதைப் பற்றி நீ எழுதியதும் சரிதான். எழுதும்போது பக்கத்தில் யாரும் இல்லை, ஆனாலும் எனக்கு முகம் சுட்டது. அன்றைக்கு அதை விசுவாசம் என்றே நம்பினேன். இன்றைக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. காற்றாடி போட்டுக்கொள்ளலாம் என்று துரை அனுமதித்திருக்கிறார். ஆறு பெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சபையே கொண்டாடுகிறது. நேற்று ஆராதனைக்குப் பிறகு நிமிர்ந்து பார்த்தேன். காற்றாடிகள் எல்லாம் பெஞ்சுக்கு மேலேதான் இருக்கின்றன. பாய் விரிக்கிற இடத்துக்கு மேல் ஒன்றுமில்லை. இத்தனை வருஷம் அங்கே வேலை பார்க்கிற எனக்கு அது நேற்றுத்தான் தெரிந்தது.

செப்டம்பர் இருபத்தைந்தாம் தேதி சபைக் கமிட்டி கூடுகிறது. இரண்டு பக்கத்தையும் எடுத்துவிட வேண்டும் என்றும், ராஜரத்தினத்தை மேட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் பேசுவேன். அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொல்லி மூன்று வருஷமாகிறது. எழுதிப் பார்த்தேன். வருகிறது.

அண்ணன்


இன்சீன்
1927 ஆகஸ்ட் 20

அண்ணனுக்கு,

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

நேற்றுப் போனேன். அவர் கல்லறை முழுவதும் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. அடையாளத்துக்கு நட்டிருந்த மூங்கில் சாய்ந்துவிட்டது, நிமிர்த்திவிட்டு வந்தேன். மேலண்டையில் அம்மாவின் கல் சுத்தமாக, மழையில் கழுவின மாதிரி இருந்தது.

கமிட்டியில் பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். பேசுங்கள். ஆனால் தங்கச்சிக்காகக் கேட்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் எனக்கு ஒரு சலுகை கொடுத்துவிட்டு வாய்க்காலை அப்படியே வைத்துக்கொள்வார்கள். பேச்சு முடிந்த பிறகு, அக்டோபர் முதல் ஞாயிறு நற்கருணைக்குப் பாயில் வந்து உட்காருங்கள். கோப்பை உங்களுக்கு வருகிற வரை காத்திருந்து பாருங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.

பாக்கியம்


பசுந்தாங்
1927 அக்டோபர் 4

பாக்கியம்,

கமிட்டியில் பேசினேன். நீ சொன்னபடி, உன் பெயரை எடுக்காமல்தான் பேசினேன். துரையின் வராந்தாவில் நாலு நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றதைச் சொன்னேன். நம் பாயில் உட்காருகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக நம் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். பிறகு பதிவேட்டைத் திறந்து, அடிமட்டம் வைத்து, ஜாதிப் பத்தியை மேலிருந்து கீழ்வரை கோடு போட்டு அடித்தேன். முதல் பக்கத்தில் முதல் பெயர் அப்பா. அவரையும் அடித்தேன். பத்தொன்பது பக்கம்.

முடித்ததும் சபாபதி எழுந்தார். "தங்கச்சி பாசத்துல பேசுறீங்க. தப்பில்ல. பாசம் அடங்கினப்பறம் உங்களுக்கே புரியும்" என்றார். நான் எடுக்காத உன் பெயரை அவர் எடுத்துவிட்டார். அத்தோடு பேச்சு முடிந்துபோயிற்று. நம் பாதிரியார் தலை குனிந்தபடியே ஜெபம் செய்து கூட்டத்தைக் கலைத்தார்.

தீர்மானங்கள் வருமாறு. காற்றாடி கொடுத்த துரைக்கு நன்றி. மூடின கல்லறையைத் திறப்பது சுகாதாரத்துக்குக் கேடு என்பதால் அந்தக் கோரிக்கை தள்ளுபடி. பதிவேடு கெட்டுவிட்டதால், பத்திகள் அச்சிட்ட புதுப் பதிவேடு வாங்கப்படும். புதுக் காரியதரிசி எழுதுவார். அம்மா பக்கத்தில் எனக்கென்று ஒதுக்கிய இடத்தை ராஜரத்தினத்துக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்தேன். அதற்கும் அதே பதில்.

நேற்று முன்தினம் நற்கருணை. பாயில் போய் உட்கார்ந்தேன். பெஞ்சிலிருந்து ஒவ்வொரு தலையாகத் திரும்பி என்னைப் பார்த்தது. ஜெயம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள். அங்கே எவ்வளவு புழுக்கம், பாக்கியம்! முன்னால் காற்றாடி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. கோப்பை வர வெகுநேரமாயிற்று. ஜெயம்மா குடித்துவிட்டு என் கையில் கொடுத்தாள். எல்லாருக்கும் கடைசியாக நான் குடித்தேன். அடியில் ஒரு வாய்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் நற்கருணை வாங்கினேன் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

ஆராதனை முடிந்த கையோடு கமிட்டி அங்கேயே நின்றபடி கூடிற்று. ஒரே கோப்பையாக இருப்பதால்தானே இந்தக் குழப்பம் என்றார்கள். கிறிஸ்மஸ் முதல் இரண்டு கோப்பை. இதுவரை நமக்கு வரிசைதான் இரண்டாக இருந்தது.

நான் செய்ததால் நடந்தது அதுதான். உன் ராஜரத்தினம் தண்ணீரில்தான் இருக்கிறார். நான் தோற்றுவிட்டேன். ஆனாலும் பாயில் உட்கார்ந்தேன் என்று உன்னிடம் சொல்ல முடிகிறது.

அண்ணன்


இன்சீன்
1927 அக்டோபர் 19

அண்ணனுக்கு,

மழை நின்றுவிட்டது. தண்ணீர் வடிந்து, மேலே சேறு வெடித்திருக்கிறது. பட்டறை ஆட்களும் உதுமான் பாயும் கூடைகூடையாக மண் கொண்டுவந்து கொட்டி மேடாக்குகிறார்கள். அடுத்த மழைக்கு எவ்வளவு நிற்குமோ தெரியவில்லை.

நீங்கள் பேசினது, கோடு போட்டது, வேலை போனது எல்லாம் ஜெயம்மா சொல்லி முன்னமே தெரியும். அன்றைக்கு நான் வேண்டுமென்றேதான் கோயிலுக்கு வரவில்லை. நான் இருந்தால் எனக்காகக் குடிப்பீர்கள். அதனால் ஜெயம்மாவிடம், பார்த்துவிட்டு வந்து சொல் என்றேன்.

அவள் இரண்டு வாரம் என் கண்ணில் படாமலே இருந்தாள். நேற்றுப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். "அண்ணாச்சி நல்லவருதான் பாக்கியம். வந்து ஒக்காந்தாருல்ல, அதுவே பெரிசு. விட்டுரு" என்றாள். விடாமல் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் குடிச்சுட்டுக் கோப்பைய அவரு கையில குடுத்தேன். கைக்குட்டைய எடுத்து, நான் வாய் வெச்ச எடத்தத் தொடச்சுட்டுத்தான் குடிச்சாரு. அவருக்கே தெரியல போலிருக்கு. கண்ணு நெறைய தண்ணி வேற."

அண்ணா, அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.

பாக்கியம்


பசுந்தாங்
1927 அக்டோபர் 23

பாக்கியம்,

அப்படி நடக்கவே இல்லை என்று உனக்கு ஒரு பக்கம் எழுதினேன். ஜெயம்மா தப்பாகப் பார்த்திருப்பாள், கண்ணைத் துடைத்திருப்பேன், அதைத்தான் அவள் சொல்கிறாள் என்று எழுதினேன். மடித்து உறையில் போட்ட பிறகு, அன்று போட்டிருந்த கோட்டை எடுத்துப் பார்த்தேன். கைக்குட்டை பையிலேயே இருந்தது. நடுவில் திராட்சரசக் கறை. கண்ணைத் துடைத்தால் அந்தக் கறை வராது.

அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

துடைத்திருக்கிறேன். எனக்கு ஞாபகமே இல்லை. பதிவேட்டை அடிமட்டம் வைத்து அடித்த அதே கைதான். எனக்கு என்மேலேயே பயமாக இருக்கிறது. சபாபதியை எதிர்த்துப் பேசும்போது இல்லாத பயம்.

ஜெயம்மாவிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும். அடுத்த சனிக்கிழமை மத்தியான ரயிலில் இன்சீனுக்கு வருகிறேன். உன் வீட்டுக்கு வரச் சொன்னால் வருவேன். சொல்லாவிட்டால் அவள் வீட்டு வாசலோடு திரும்பிவிடுகிறேன். அங்கிருந்து கல்லறைக்குப் போய் உதுமான் பாயிடம் ஒரு கூடை வாங்கி நானும் மண் சுமக்கலாம் என்றிருக்கிறேன்.

கிறிஸ்மஸ் அன்று இரண்டாவது கோப்பை வந்துவிடும். பாயில்தான் உட்காருவேன். நீயும் அன்றைக்கு வா. என் பக்கத்தில் உட்கார வேண்டாம், பேசவும் வேண்டாம். கோப்பை என் கைக்கு வரும்போது, என் மற்றக் கை சட்டைப் பைக்குப் போகிறதா என்று மட்டும் பார்.

ஞானசிகாமணி